ரைட்டர் கமலக்கண்ணனும் பத்தாவது ஆளும்

5,19,680.

ஏற்காட்டு மலையில் வெள்ளக்கடைக்கு அப்பால் இருக்கும் மேல்காடு எஸ்டேட்டில், ரைட்டர் கமலக்கண்ணன் இருபத்தெட்டு வருடங்களில் தன் கைப்பட எழுதிய பெயர்களின் எண்ணிக்கை இது. குத்துமதிப்பு என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். ஒரு நாளைக்கு அறுபத்துநான்கு பேர், வருடத்துக்கு இருநூற்றுத் தொண்ணூறு வேலைநாள், இருபத்தெட்டு வருடம். வேண்டுமானால் பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பார். அதே இருபத்தெட்டு வருடங்களில் அவர் முழுதாகப் படித்து முடித்த புத்தகங்கள் பூஜ்யம். இதையும் அவரே ஒப்புக்கொள்கிறார். போன டிசம்பர் இரண்டாம் வாரம் வரைக்கும்தான் அது என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்கிறார்.

ரைட்டர் என்றால் யார் என்று மலையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மலைக்குக் கீழே இருப்பவர்களுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. காலை ஏழரை மணிக்கு எஸ்டேட் ஆபீஸ் முன்னால் ஆட்கள் கூடுவார்கள். ரைட்டர் பெரிய நோட்டை விரித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். ஆள் வந்திருந்தால் முழுப்பேர். தாமதமாக வந்தால் அரைப்பேர், கூலியும் பாதிதான். வராவிட்டால் ஆப்சென்ட். அந்த நோட்டுக்குச் செக்ரோல் என்று பெயர். அதில் அடித்தல் திருத்தல் கிடையாது. காரணம் எழுத ஒரு கட்டமும் கிடையாது. கமலக்கண்ணனுக்கு அந்த நோட்டில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான்.

தாமதமாக வருகிறவர்கள் காரணத்தோடுதான் வருவார்கள். டிசம்பர் முதல் வாரத்தில் கலாவதி ஆறு நிமிடம் தாமதமாக வந்தாள். மூச்சு வாங்க, "ரோட்டுல காட்டுமாடு நின்னுச்சுங்க ரைட்டருங்க. நகரவே மாட்டேன்னு நின்னுச்சு" என்றாள்.

"நான் காரணம் கேக்கலம்மா. நேரம் கேட்டேன்."

"ஏழு முப்பத்தாறுங்க."

"அரைப்பேர்."

கலாவதி கூடையை எடுத்துக்கொண்டு போகும்போது பக்கத்தில் இருந்தவளிடம், "அந்த மாட்டைக் கூட்டியாந்து இவரு முன்னால நிறுத்தியிருக்கோணும். அதுக்கும் ஒரு அரைப்பேர் போட்டிருப்பாரு" என்று சொன்னது பாதிப் பேருக்குக் கேட்டது. கமலக்கண்ணனுக்கும் கேட்டது. அவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

இந்தக் கலாவதியின் மகள் தீபிகா ஏழாம் வகுப்பு. எஸ்டேட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் நடுநிலைப் பள்ளியில் வாசிப்பு வட்டம் என்று ஒன்று ஆரம்பித்திருந்தார்கள். ஒன்பது பிள்ளைகள், தீபிகா அதற்குத் தலைவி. நடத்துகிறவர் சங்கீதா டீச்சர். சேலத்துக்காரர், மலைக்கு மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. தினமும் அடிவாரத்தில் பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவிலும் கண்ணை மூடிக்கொண்டு, கையில் எலுமிச்சம்பழத்தோடு வந்து சேர்வார்.

வட்டாரத்தில் இருக்கிற வாசிப்பு வட்டங்களுக்கெல்லாம் ஒரு போட்டி வைத்திருந்தார்கள். ஒரு சாகச நாவலைப் படிக்க வேண்டும். அதை வைத்து நான்கு வேலை செய்ய வேண்டும்: கதை நடக்கும் இடத்தின் வரைபடம், ஒரு மாதிரி உருவம், படித்தவர்களின் நாட்குறிப்பு, ஒரு எழுத்தாளருடன் நேரில் சந்திப்பு. ஒவ்வொன்றுக்கும் இருபத்தைந்து மதிப்பெண். முதல் இரண்டு வட்டங்களைச் சேலத்தில் நடக்கும் மாவட்ட விழாவுக்கு அழைத்துப் போவார்கள். தீபிகா அதற்கு முன்பு சேலம் போயிருக்கிறாள், ஆனால் ஆஸ்பத்திரிக்கு மட்டும். சேலம் என்றால் அவளுக்கு ஊசி மருந்து வாசனை. அதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அவள் ஒரே பிடியாக இருந்தாள்.

நாவல் கிடைத்துவிட்டது. பள்ளி அலமாரியில் இருந்த 'ஏழாவது கலங்கரை' என்ற பழைய புத்தகம். முன் அட்டையும் இல்லை, பின்னால் சில பக்கங்களும் இல்லை. ஆக, எழுதியது யார் என்பதும் தெரியாது, முடிவு என்ன என்பதும் தெரியாது. வரைபடத்தைக் காப்பித் தண்ணீரில் நனைத்துப் பழையதாக்கிவிட்டார்கள். தேங்காய் மட்டையில் படகும் செய்தாகிவிட்டது. மாட்டிக்கொண்டது நான்காவது வேலையில்தான்.

அன்று வகுப்பில் நடந்ததை எல்லாத் தரப்பிலும் விசாரித்துச் சேர்த்துப் பார்த்தால் இப்படித்தான் வருகிறது. சங்கீதா டீச்சர், "ஒரு ரைட்டரைப் பார்த்துப் பேசணும். இந்த மலை மேல ரைட்டருக்கு எங்க போறது?" என்று கேட்டார்.

"எங்க எஸ்டேட்ல ஒரு ரைட்டர் இருக்காருங்க டீச்சர்" என்றாள் தீபிகா.

டீச்சர் நிமிர்ந்தார். "ரைட்டரா? எஸ்டேட்லயா?"

"இருபத்தெட்டு வருசமா எழுதறாருங்க."

"நிஜமாவா கண்ணு? தினமும் எழுதுவாரா?"

"தினமும் எழுதுவாருங்க. காலையில ஏழரைக்கு உக்காந்தா எழுதி முடிக்காம எந்திரிக்கவே மாட்டாருங்க. ஞாயித்துக்கெழமை மட்டும் லீவுங்க."

"அப்படியொரு கட்டுப்பாடா? என்ன எழுதறார்?"

"எங்களைப் பத்தித்தானுங்க. அம்மா, சித்தி, எல்லாத்தையும் எழுதியிருக்காரு. ஆபீஸ் அலமாரி பூராம் அவரு எழுதினதுதானுங்க."

உழைக்கும் மக்களைப் பற்றி இருபத்தெட்டு வருடம் எழுதி, வெளியே தெரியாமல் காட்டுக்குள் இருக்கும் ஒரு எழுத்தாளர். சங்கீதா டீச்சருக்குக் கண் கலங்கியதாகவும், அது கொண்டை ஊசி வளைவின் மிச்சம் என்று பிறகு அவர் சொன்னதாகவும் இரண்டு தகவல்கள் இருக்கின்றன. அன்று மாலையே படிவத்தில் 'எழுத்தாளர் கமலக்கண்ணன், மேல்காடு' என்று எழுதி அனுப்பிவிட்டார்.

தீபிகா பொய் சொல்லவில்லை. ஒரு வார்த்தையைக்கூட ஏற்றிச் சொல்லவில்லை. அவளுக்கு அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருப்பது தெரியாது, அவ்வளவுதான்.

அடுத்த திங்கட்கிழமை, பெயர் கூப்பிட்டு முடிந்ததும் கலாவதி ஒரு கவரை மேசையில் வைத்தாள். உள்ளே புத்தகமும் ஒரு கடிதமும் இருந்தன.

'மதிப்பிற்குரிய ரைட்டர் ஐயா அவர்களுக்கு, தங்கள் எழுத்துப் பணியை நாங்கள் நன்கு அறிவோம். வருகிற வெள்ளிக்கிழமை காலை சரியாகப் பத்து மணிக்கு எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வருகை தந்து, இத்துடன் உள்ள சாகச நாவலைப் பற்றி உரையாற்றுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். வட்டாரக் கல்வி அதிகாரியும் வருகிறார். இணைப்பு: நாவல் 1 (திருப்பித் தரவும்).'

கமலக்கண்ணன் அதை இரண்டு முறை படித்தார். 'எழுத்துப் பணி' என்ற இடத்தில் கொஞ்சம் நின்றார். இருபத்தெட்டு வருடத்தில் அவர் எழுத்தைப் பற்றி யாரும் சொன்ன ஒரே கருத்து, ஒரு மேனேஜர் சொன்ன 'சுழி கொஞ்சம் சின்னதா போடுங்க' என்பதுதான். ஒழுங்கு, நேரம், வருகை இவற்றைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லக் கூப்பிடுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். நாவல் எதற்கு என்றுதான் விளங்கவில்லை.

"நாங்களும் வந்து பாக்கலாங்களா ரைட்டருங்க?" என்று கேட்டாள் கலாவதி. "காலையில விட்ட வேலைய மதியத்துக்கு மேல செஞ்சு குடுத்துடறோமுங்க. ஆளுங்க எல்லாம் வரோணும்னு சொல்றாங்க."

"எல்லாமா?"

"நீங்க பேசி யாருங்க கேட்டிருக்காங்க? நீங்க எங்க பேரைத்தான சொல்லுவீங்க."

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேவைப்பட்டது. காரணம் சொல்லிப் பழக்கமில்லாததால் கமலக்கண்ணனுக்கு ஒன்றும் வரவில்லை.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். மனைவி வள்ளி ஏற்காடு டவுனில் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் வேலை பார்க்கிறார்; அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்குப் பொறுப்பாளர். அவர் புத்தகத்தைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க, இத நீங்க படிக்கப் போறீங்களா?"

"பின்ன?"

"கல்யாணப் பத்திரிகையே முகூர்த்த நேரம் வரைக்கும்தான படிப்பீங்க. மாப்பிள்ளை யாருன்னு மண்டபத்துக்குப் போய்த்தான தெரிஞ்சுக்குவீங்க."

"அதுல மிச்சமெல்லாம் சொந்தக்காரங்க பேருதான்."

"பேரு எழுதறதுதான உங்களுக்குத் தொழிலு."

இது தமாஷாகச் சொன்னது. ஆனால் செவ்வாய்க்கிழமை அதுதான் கை கொடுத்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் காப்பி காய வைக்கும் களத்தின் ஓரத்தில் உட்கார்ந்து முதல் பக்கத்தை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தார். கடல் கொந்தளித்தது. நாகப்பன் சுக்கானைப் பிடித்தான். அந்தோணி கீழே ஓடினார். பவளம் சிரித்தாள். யார் இந்த நாகப்பன்? அந்தோணி எப்போது வந்தார்? புது ஆளா, பழைய ஆளா? பெயர் கொடுக்காமலேயே ஆட்கள் உள்ளே வந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கமலக்கண்ணனுக்குத் தலை சுற்றியது. இப்படி ஒரு எஸ்டேட்டை நடத்தினால் என்ன ஆகும்?

எழுந்து ஆபீஸுக்குப் போனார். எழுதாத செக்ரோல் தாள் ஒன்றை எடுத்தார். இடது பக்கம் நாகப்பன், அந்தோணி, பவளம் என்று வரிசையாகப் பெயர் எழுதினார். மேலே தேதிக்குப் பதில் அத்தியாயம் ஒன்று, இரண்டு, மூன்று. யார் எந்த அத்தியாயத்தில் வருகிறார்களோ அவர்களுக்கு அங்கே ஒரு கோடு. பாதி அத்தியாயத்தில் வந்து சேர்ந்தால் அரைப்பேர்.

பன்னிரண்டு பெயர்கள் பதிந்ததும் கதை தானாக நடக்க ஆரம்பித்தது. ஒரு பெண்ணும் அவள் அண்ணனும் பத்து மாலுமிகளும் ஏதோ ஒரு தீவில் அணைந்துபோன கலங்கரை விளக்கத்தைத் தேடிப் போகிறார்கள். அதற்கு அடியில் ஒரு பெட்டி இருக்கிறது. ஐந்தாம் அத்தியாயத்தில் கமலக்கண்ணன் காப்பியை ஆறவிட்டார். ஆறாம் அத்தியாயத்தில், மூட்டை கட்டும் இடத்துக்கு வரச் சொல்லி மேஸ்திரி ஆறுமுகம் இரண்டு முறை கூப்பிட்டதும் காதில் விழவில்லை. ஆறுமுகம் பக்கத்தில் வந்து நின்று, "ரைட்டருங்க, உடம்பு ஏதும் சரியில்லீங்களா?" என்று கேட்டார்.

"புயல் அடிக்குது. சித்த இரு."

ஆறுமுகம் வானத்தைப் பார்த்தார். நல்ல வெயில்.

புதன்கிழமை காலை சங்கீதா டீச்சர் போன் செய்தார்.

"வணக்கம் சார். உங்க படைப்புகளோட பட்டியல் ஒண்ணு வேணுங்க. அதிகாரி கேக்கறார்."

"எதுங்க?"

"நீங்க எழுதினதெல்லாம் சார்."

"அதுங்களா. எழுதிக்கோங்க. செக்ரோல். மழை நோட்டு."

"'மழை நோட்டு'. நல்ல தலைப்புங்க சார். கவிதைங்களா?"

"இல்லீங்க. மில்லிமீட்டர்."

டீச்சர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"என்ன சார் சொன்னீங்க?"

"அன்னன்னைக்கு எத்தனை மில்லிமீட்டர் மழைன்னு எழுதறதுங்க. அப்பறம் உர நோட்டு. மிளகுக் கொடி நோட்டு ஒண்ணு தனியா இருக்குது."

பிறகு டீச்சர் மெதுவாகக் கேள்விகள் கேட்டார். கமலக்கண்ணன் பதில் சொன்னார். ஐந்தாவது கேள்வியில் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விஷயம் புரிந்தது.

"தப்பு என் மேலதாங்க சார்" என்றார் டீச்சர். "நீங்க சிரமப்படாதீங்க. இருபத்தஞ்சு மார்க் போகும், சேலம் போறதும் சந்தேகந்தான். பரவாயில்லை. எழுத்தாளர் வரலைன்னு நான் சொல்லிடறேன்."

கமலக்கண்ணனுக்கு அவமானமாகத்தான் இருந்தது. லாட்ஜ் முழுக்க வள்ளி சொல்லியிருந்தார். அறுபத்துநான்கு பேரும் வெள்ளிக்கிழமைக்குத் துணி எடுத்து வைத்திருந்தார்கள். போகாமல் இருந்தால் அத்தனை பேர் முகத்திலும் சிரிப்பு. போனால் அதிகாரி முன்னால் சிரிப்பு. போகாமல் இருப்பதே நல்லது என்று சொல்ல வாய் வந்தது. அதற்குள் டீச்சரின் கடைசி வாக்கியம் மண்டையில் இறங்கியது.

"என்னங்க சொல்லப் போறீங்க? வரலைன்னா?"

"ஆமாங்க சார்."

"எழுதித் தருவீங்களா?"

"படிவத்துல எழுதணுங்க. ஆப்சென்ட்னு ஒரு கட்டம் இருக்கு."

"என் பேருக்கு நேராவா?"

இருபத்தெட்டு வருடத்தில் கமலக்கண்ணன் பெயருக்கு நேராக அந்தச் சொல் வந்ததில்லை. அப்பா இறந்தபோதுகூட ஞாயிற்றுக்கிழமையாக அமைந்துவிட்டது.

"நான் வாரனுங்க" என்றார்.

"வந்து என்ன சார் சொல்வீங்க?"

"ரைட்டர்னு சொல்லுவனுங்க. பொய் இல்லீங்களே. என்ன எழுதறேன்னு கேட்டா அதையும் சொல்லுவேன். வந்தவன் வந்தான்னுதாங்க எழுதோணும்."

அன்று மதியம் ஒன்பதாம் அத்தியாயத்தைப் படிக்கும்போதுதான் அது நடந்தது.

பன்னிரண்டு பேர் படகில் ஏறினார்கள். நான்காம் அத்தியாயத்துப் புயலில் இரண்டு மாலுமிகள் கடலில் விழுந்தார்கள், மீதி பத்து. ஏழாம் அத்தியாயத்தில் சமையல்காரர் அந்தோணி காய்ச்சல் என்று கரையிலேயே படுத்துவிட்டார், மீதி ஒன்பது. ஒன்பது பேரும் மலை ஏறினார்கள். ஒன்பதாம் அத்தியாயத்தில், குகைக்குள் நெருப்பு மூட்டி, 'பத்துப் பேரும் சுட்ட மீனைப் பகிர்ந்துகொண்டனர்.'

கமலக்கண்ணன் நிறுத்தினார். தாளைப் பார்த்தார். கோடுகளை விரல் வைத்து எண்ணினார். ஒன்பது. புத்தகத்தைப் பார்த்தார். பத்து. மூன்று முறை எண்ணியும் ஒருவன் அதிகமாக இருந்தான். பெயர் கொடுக்காமல் உள்ளே வந்து மீன் தின்றுகொண்டிருந்தான்.

மேற்கொண்டு நூற்று எண்பத்தெட்டாம் பக்கம் வரை படித்தார். அதோடு புத்தகம் கிழிந்துபோய் நின்றது. பத்தாவது ஆள் யார் என்பதற்கு எங்கேயும் விடை இல்லை. அன்று மாலை சோறு போட்ட வள்ளி, "என்னங்க, நொம்ப யோசனை?" என்று கேட்டதற்கு, "ஒரு ஆளு கணக்குல வரல" என்று மட்டும் சொன்னார். வள்ளி அதை எஸ்டேட் விஷயம் என்று எடுத்துக்கொண்டு, "போலீஸ்ல சொல்லிப்போடுங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை ஏழரைக்கு வழக்கம்போலப் பெயர் கூப்பிட்டார். ஒன்பதரைக்கு வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு, புத்தகமும் தாளுமாக மூக்கன் ஓட்டும் ஷேர் ஜீப்பில் ஏறினார். மஞ்சக்குட்டையிலிருந்து வரும் வண்டி அது; பள்ளி வாசலுக்கு ஐந்து நிமிடம்தான். இரண்டாவது வளைவில் மூக்கன் பிரேக் போட்டார்.

நடு ரோட்டில் காட்டுமாடு நின்றது.

"ஹாரன் அடி."

"அடிக்கப்படாதுங்க ரைட்டருங்க. அதுக்குக் கோவம் வந்துரும்."

"எவ்வளவு நேரம் நிக்கும்?"

"அது இஷ்டமுங்க. போன வாரம் கலாவதி வந்தப்பக்கூட இதே மாடுதான் நின்னுச்சு."

மாடு மெதுவாகத் தலையைத் திருப்பி ஜீப்பைப் பார்த்தது. அவரைத்தான் குறிப்பாகப் பார்த்தது என்று மூக்கன் இன்றைக்கும் சத்தியம் செய்கிறார்.

பள்ளி வாசலில் தீபிகா ஒரு நோட்டோடு நின்றிருந்தாள். வருகிறவர்களின் பெயர் எழுதுவது அவள் பொறுப்பு. பின்னால் வராந்தா நிறைய மேல்காட்டு ஆட்கள். முன்வரிசையில் கலாவதி.

"ரோட்டுல..." என்று ஆரம்பித்தார் கமலக்கண்ணன்.

"நான் காரணம் கேக்கலீங்க ரைட்டரய்யா" என்றாள் தீபிகா. அவள் கிண்டல் செய்யவில்லை. பெயர் எழுதும்போது சொல்ல வேண்டிய வாசகம் அதுதான் என்று அவள் நினைத்திருந்தாள். "நேரம் கேட்டேன்."

கமலக்கண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து மணி ஆறு நிமிசம்."

"அரைப்பேருங்க."

வராந்தாவில் எழுந்த சிரிப்பு அடங்க இன்னும் இரண்டு நிமிடம் ஆனது. கலாவதி மட்டும் சிரிக்கவில்லை. கண்ணை மூடி அனுபவித்துக்கொண்டிருந்தாள்.

மதிப்பெண் போட வந்திருந்த அதிகாரி வெங்கடேஷ் நேரம் பார்த்து வேலை செய்கிறவர். அன்று இன்னும் மூன்று பள்ளி பாக்கி. வரைபடம் பார்த்தார், படகு பார்த்தார், எழுதிக்கொண்டார். பிறகு நாற்காலியைத் திருப்பினார்.

"சார், நீங்க எத்தனை புத்தகம் எழுதியிருக்கீங்க?"

"மாசத்துக்கு ஒண்ணுங்க. முந்நூத்து முப்பத்தாறு."

வெங்கடேஷின் பேனா நின்றது. சங்கீதா டீச்சர் தரையைப் பார்த்தார். கமலக்கண்ணன் எழுந்து நின்று, செக்ரோல் என்றால் என்ன, தான் யார் என்று ஆதியோடந்தமாகச் சொன்னார். எதையும் விடவில்லை. மழை நோட்டையும் சொன்னார்.

"அப்ப நீங்க எழுத்தாளர் இல்லை" என்றார் வெங்கடேஷ்.

"இல்லீங்க."

"ஏனுங்க சார், இவரு ரைட்டர் இல்லீங்களா?" என்று பதறிப்போய்க் கேட்டாள் தீபிகா.

"ரைட்டர்தான் கண்ணு. ஆனா இந்த ரைட்டர் இல்லை." வெங்கடேஷ் படிவத்தைப் பார்த்தார். "இந்தக் கட்டத்துக்கு நான் பூஜ்யம்தாங்க டீச்சர் போட முடியும். வேற வழி இல்லை."

தீபிகாவின் முகம் சுருங்கியது. சேலம் மறுபடியும் ஊசி மருந்து வாசனைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. வெங்கடேஷ் பேனாவை மூடப் போனார்.

"ஒரு நிமிசங்க" என்றார் கமலக்கண்ணன். "எழுத்தாளர் இல்லைன்னா போகுது. ஒரு புகார் இருக்குதுங்க. இந்தப் புத்தகத்துல ஒரு ஆளு அதிகமா இருக்கறான்."

தாளை மேசையில் விரித்தார். பன்னிரண்டு பெயர்கள், பதினாறு அத்தியாயங்கள், நீல மையில் கோடுகள், கடலில் விழுந்த இருவருக்கும் சிவப்பு அடையாளம், அந்தோணி பெயருக்கு நேரே ஏழாம் அத்தியாயத்திலிருந்து வரிசையாக ஆப்சென்ட். ஒன்பதாம் அத்தியாயத்துக்குக் கீழே ஒரு பெரிய கேள்விக்குறி.

பிள்ளைகள் ஒன்பது பேரும் மேசையைச் சுற்றி நெருங்கினார்கள். அவர்கள் அந்தப் புத்தகத்தை இரண்டு முறை படித்திருந்தார்கள். ஒருவரும் எண்ணவில்லை.

"அந்தோணிதானுங்க" என்றான் லோகேஷ் என்ற எட்டாம் வகுப்புப் பையன். "காச்சல்னு பொய் சொல்லிட்டுப் பின்னாலயே வந்துட்டாரு. பெட்டிய எடுக்கறதுக்கு."

"அந்தோணி வந்திருந்தா மீனை அவருதான் சுட்டிருப்பாரு. பவளந்தான சுட்டா?" என்றாள் தீபிகா. "கடல்ல விழுந்தவங்கள்ல ஒருத்தருங்க. நீந்தி வந்து இருட்டுல உக்காந்துட்டாரு."

"பேயி" என்றது ஒரு சின்னக் குரல்.

"பேயி மீன் திங்காது."

"உனக்குத் தெரியுமா?"

வராந்தாவிலிருந்து கலாவதி, "நாகப்பன் எண்ணும்போது தன்னையும் ரெண்டு தடவை எண்ணியிருப்பானுங்க. எங்க மேஸ்திரி அப்படித்தான்" என்றாள். மேஸ்திரி ஆறுமுகம் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

சத்தம் கூடியது. வெங்கடேஷ் கையை உயர்த்தினார். "இதுல என்ன இருக்குங்க? எழுதினவர் தப்பா எண்ணிட்டாரு, அவ்வளவுதான்."

கமலக்கண்ணன் அவரை நம்ப முடியாமல் பார்த்தார்.

"அதெப்படிங்க தப்பா எண்ணுவாரு?" என்றார். "அவரு ரைட்டர் இல்லீங்களா?"

வெங்கடேஷ் பேனாவை மேசையில் வைத்தார். புத்தகத்தை வாங்கி ஒன்பதாம் அத்தியாயத்தைத் தேடினார். உதடு அசைய எண்ணினார். நான்காம் அத்தியாயத்துக்குப் போனார். திரும்ப வந்தார். தாளை இழுத்து வைத்துக்கொண்டு ஆரம்பத்திலிருந்து எண்ணினார். அடுத்த பள்ளியிலிருந்து அவருக்கு மூன்று முறை போன் வந்தது. பதினொன்றரைக்கு, புத்தகத்தை வைக்க மனமில்லாமல் வைத்துவிட்டு எழுந்தார்.

எழுத்தாளர் கட்டத்தில் பூஜ்யம்தான் போட்டார். நாட்குறிப்பில் அந்தத் தாளை ஒட்டச் சொல்லி, பிள்ளைகள் ஆளுக்கொரு விதமாகச் சொன்ன பத்தாவது ஆளையும் எழுதச் சொல்லி, அதற்கு இருபத்தைந்துக்கு இருபத்தைந்து போட்டார். மொத்தத்தில் மூன்றாவது இடம். சேலத்துக்கு இரண்டு வட்டங்கள்தான். ஆக, இல்லை.

சங்கீதா டீச்சர் திங்கட்கிழமை வகுப்பில் அதைச் சொன்னார். தீபிகா அழவில்லை. அன்று அம்மாவிடம், "ரைட்டரய்யாவுக்கு நான் அரைப்பேர் போட்டதாலதானா?" என்று மட்டும் கேட்டாளாம். அடுத்த நாள் காலை கலாவதி அதைச் செக்ரோல் மேசையில் சொன்னபோது கமலக்கண்ணன் பேனாவைக் கீழே வைத்தார்.

"சரியாத்தான போட்டா. ஆறு நிமிசம்னா அரைப்பேர்தான். அதுல தப்பில்லைன்னு சொல்லிப்போடு."

"உங்களுக்கு வருத்தமில்லீங்களா?"

"வருத்தம் இருக்குது. அதுக்குக் கட்டம் இல்லியே."

புதன்கிழமை வெங்கடேஷ் டீச்சருக்குப் போன் செய்தார். அவர் குரலில் கொஞ்சம் கூச்சம் இருந்ததாக டீச்சர் சொல்கிறார். உங்கள் பள்ளிக்கு வந்து போனதிலிருந்து எதை எடுத்தாலும் எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. படி ஏறினால் படியை எண்ணுகிறேன், சாப்பாட்டுப் பந்தியில் இலையை எண்ணுகிறேன், வீட்டில் திட்டு வாங்குகிறேன் என்றாராம். அப்படியே இரண்டாம் இடம் வந்த வட்டத்தின் படிவத்தையும் எண்ணியிருக்கிறார். உறுப்பினர்கள் பன்னிரண்டு பேர். நாட்குறிப்பின் கடைசியில் கையெழுத்து பதின்மூன்று. பதின்மூன்றாவது கையெழுத்து யாருடையது என்று அவர்களுக்கே தெரியவில்லை. விளக்கம் கேட்டிருக்கிறார்கள். விழா அதற்குக் காத்திருக்காது. அதனால் மூன்றாம் இடத்தை மேலே ஏற்றிவிட்டார்கள்.

செய்தி எஸ்டேட்டுக்கு வந்தபோது கமலக்கண்ணன் சந்தோஷப்படவில்லை. "அங்கயும் ஒருத்தனா?" என்றுதான் கேட்டார்.

கலாவதியின் அரைப்பேர் அரைப்பேராகவே இருக்கிறது. காட்டுமாடும் அதே வளைவில் வந்து நிற்கிறது. 'ஏழாவது கலங்கரை'யைக் கமலக்கண்ணன் பள்ளிக்குத் திருப்பிக் கொடுத்து, இணைப்பு ஒன்று பெறப்பட்டது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார். அலமாரியிலிருந்து வேறொரு புத்தகம் எடுத்து வந்திருக்கிறார். அதில் முதல் பக்கத்திலேயே ஒரு கல்யாணக் கூட்டம் வருகிறதாம். தாள் போதவில்லை என்று வள்ளியிடம் சொல்லியிருக்கிறார்.

சேலத்து விழாவில் உண்மையான எழுத்தாளர் ஒருவர் பேசுகிறார். வருகிற சனிக்கிழமை காலை ஆறு நாற்பது பஸ்ஸில் பிள்ளைகள் ஒன்பது பேரும் சங்கீதா டீச்சரும் கிளம்புகிறார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் பெயர் கூப்பிட ஒரு ஆள் வேண்டும் என்று டீச்சர் கேட்டுக்கொண்டதால் கமலக்கண்ணன் கூடப் போகிறார். அன்றைய செக்ரோலை மேஸ்திரி ஆறுமுகம் எழுதுவார். அதில் கமலக்கண்ணன் பெயருக்கு நேரே ஆப்சென்ட் என்று இருக்கும்.